மாஷமா, கேவண்டிஷா, கோபர்னா, ஷெப்பர்டா: ஆய்வுக்கு யாரை எடுப்பது?

இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ஓட்ஸ் என்று ஒரு பெரிய வீடு இருந்தது. 1691இல் தத்துவவாதி ஜான் லாக் அங்கே குடிவந்தார். தனக்கும் வேலையாளுக்கும் சேர்த்து வாரம் ஒரு பவுண்டு, குதிரைக்குத் தனியாக ஒரு ஷில்லிங் என்று பேச்சு. லண்டன் புகை அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை ஓட்ஸிலேயே இருந்துவிட்டார். 1704 அக்டோபர் 28 பிற்பகல் அவர் உயிர் பிரிந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பைபிளின் சங்கீதங்களை வாசித்துக்கொண்டிருந்தவர் அந்த வீட்டு எஜமானி, டமாரிஸ் மாஷம். தத்துவ வரலாற்றுப் புத்தகங்களில் மாஷம் வந்தால் 'லாக்கின் தோழி' என்றுதான் வருவார். வாடகைக் கணக்குப்படி பார்த்தால் லாக்தான் மாஷம் வீட்டில் சாப்பாட்டோடு தங்கியிருந்தவர்.

17, 18ஆம் நூற்றாண்டு அனுபவவாதத்தையும் (அறிவு அனுபவத்திலிருந்தே வருகிறது என்ற கொள்கை) அந்தக் காலத்துப் பெண் தத்துவவாதிகளையும் சேர்த்து ஆய்வு செய்ய நினைக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். மாஷம் பற்றி நான் எழுதிய முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் லாக் பெயர் வந்த இடங்களிலெல்லாம் நெறியாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் பதினோரு வட்டம். அதற்குப் பிறகு ஆய்வுத் தலைப்பு பற்றி யார் கேட்டாலும் நான் வைக்கிற முதல் சோதனை ஒன்றுதான்: பக்கத்திலிருக்கும் ஆணின் பெயர் இல்லாமல் இவருடைய வாதத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு உங்களால் எழுத முடியுமா?

இந்தச் சோதனையோடு கூடவே கால அளவு, மூலநூல் கிடைக்கும் வசதி, ஏற்கெனவே எவ்வளவு பேர் எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்பதையும் வைத்து, தலைப்பில் உள்ள நான்கு பெண் தத்துவவாதிகளை இங்கே ஒப்பிடுகிறேன். நான்கோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு, விட்டவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டுக்கு எழுதிய கேள்வி, சிந்திப்பது மட்டுமே வேலையாக உள்ள ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்பது, இன்றைக்கும் கூர்மை மழுங்காதது. ஆனால் அவரிடம் நமக்கிருப்பது கடிதங்கள்தான்; ஆய்வு தானாகவே டெகார்ட் பக்கம் சாய்ந்துவிடும். ஆன் கான்வே எழுதிய ஒரே நூலின் ஆங்கில மூலம் தொலைந்துபோய்விட்டது. 1690இல் லத்தீனில் வந்தது, 1692இல் லத்தீனிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தது. சொல்லைப் பிடித்து வாதாட முடியாது. எமிலி டு ஷாத்லேக்கு நல்ல பிரெஞ்சு வேண்டும். மேரி ஆஸ்டெல் டெகார்ட் கட்சி. எதிர்வாதியாக அவர் எப்படியும் உள்ளே வருவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'அனுபவவாதி', அறிவுக்குப் பகுத்தறிவே அடிப்படை என்கிற 'பகுத்தறிவுவாதி' என்று இரண்டு அணி பிரித்தது பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள். அந்தக் காலத்தில் யாரும் அப்படி ஜெர்ஸி போட்டுக்கொண்டு ஆடவில்லை. ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸில் 'இவர் அனுபவவாதியா?' என்பதையே ஆய்வுக் கேள்வியாக வைத்தால் முடிவுரை எழுதும்போது கை வறண்டுவிடும்.

சரி, முதலில் மார்கரெட் கேவண்டிஷ். 1623இல் பிறந்து 1673இல் இறந்த நியூகாசில் கோமகள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் தோற்ற அரசர் கட்சி. கணவரோடு பாரிஸிலும் ஆண்ட்வெர்ப்பிலும் நாடுகடந்த வாழ்க்கை. இயற்கை முழுவதும் பருப்பொருள்தான், அந்தப் பருப்பொருளே அறிவும் உணர்வும் உடையது, தானே அசைவது என்பது அவருடைய கொள்கை. பெயரை மறைக்காமல், முகப்புப் பக்கத்தில் பட்டத்தோடு போட்டுப் புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது லேசான காரியம் இல்லை.

1667 மே 30 அன்று லண்டனில் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குப் போனார். காற்றை எடை போட்டுக் காட்டினார்கள், ஒரு துண்டு ஆட்டிறைச்சியை அமிலத்தில் கரைத்துக் காட்டினார்கள். அங்கே இருந்த சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் அவருடைய உடையைக் கிண்டலடித்துவிட்டு, வியந்ததைத் தவிர அவர் கேட்கத் தக்கதாக ஒன்றும் பேசவில்லை என்று எழுதிவைத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அதற்கு முந்தைய வருஷம்தான், அந்தச் சங்கத்தின் பெருமையான ராபர்ட் ஹூக்கின் நுண்ணோக்கிப் புத்தகத்தை அவர் அச்சிலேயே உரித்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் பேனை சிங்கி இறால் மாதிரி பெரிதாக்கிக் காட்டுகிறீர்கள். அதைப் பார்த்த பிச்சைக்காரனுக்குப் பேன் கடிக்காமல் இருக்க வழி தெரிந்துவிடுமா என்று கேட்டார். கேலி மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே அறிவைப் பற்றிய ஒரு கேள்வி இருக்கிறது. கருவி வழியாக வரும் அனுபவம், கண்ணின் அனுபவத்தைவிட உண்மையானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கண்ணாடி பொருளைக் காட்டுகிறதா, கோணலாக்குகிறதா?

ஆக, அனுபவத்தை நம்பிய கூட்டத்தை எதிர்த்தவராகத்தான் கேவண்டிஷ் உங்கள் ஆய்வுக்குள் வருவார். லாக் இல்லாமல் பக்கம் பக்கமாக எழுதலாம், அந்தச் சோதனையில் முழு மதிப்பெண். சிக்கல் இரண்டு. ஒன்று, அளவு. ஒரே கருத்தை ஐந்து புத்தகங்களில் ஐந்து விதமாக, சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வார். எதை இறுதிக் கருத்தாக எடுப்பது என்று தீர்மானிக்கவே ஆறு மாதம் போகும். இரண்டு, இந்த நால்வரில் அதிகம் எழுதப்பட்டவர் இவர்தான். இவருக்கென்றே பன்னாட்டுச் சங்கம் இருக்கிறது. இலக்கியத் துறைக்காரர்களும் எழுதுகிறார்கள், அறிவியல் வரலாற்றுக்காரர்களும் எழுதுகிறார்கள். புதிதாகச் சொல்ல இடமில்லை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே சொன்னதைப் படித்து முடிப்பதற்குள் உதவித்தொகைக் காலம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

அடுத்து கேத்தரின் ட்ராட்டர் கோபர்ன். எழுத்தைப் பார்த்துக் 'காக்பர்ன்' என்று கருத்தரங்கில் உச்சரித்து நான் அசடு வழிந்திருக்கிறேன், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். பதின்ம வயதிலேயே நாடகம் எழுதி மேடையேற்றியவர் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறவர். 1702இல் பெயர் போடாமல், மனித அறிவு பற்றிய லாக்கின் பெரிய நூலுக்கு ஆதரவாக ஒரு சிறு நூல் எழுதினார். தாமஸ் பர்னெட் என்பவர் லாக்கைத் தாக்கியிருந்தார்: ஆன்மா எப்போதும் சிந்திப்பதில்லை என்றால் அது அழியாதது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கோபர்ன் நிதானமாகப் பதில் சொல்கிறார்: ஆன்மா அழியாதது என்பதற்கு, அது ஓயாமல் சிந்தித்துக்கொண்டே இருப்பது ஆதாரமே இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பதற்றம்? லாக்கிடமிருந்து நன்றிக் கடிதமும் அன்பளிப்பும் வந்தன.

1708இல் ஒரு பாதிரியாரைக் கல்யாணம் செய்துகொண்டார். குடும்பம், குழந்தைகள், வறுமை. பல வருஷம் எழுத்தே இல்லை. நாட்டில் புத்தகம், நாடகம் என்று எதுவும் வெளிவருகிறதா என்றுகூடத் தெரியாமல் கிடந்தேன் என்று பின்னாளில் தானே எழுதியிருக்கிறார். திரும்பி வந்து 1740களில் எழுதியவை பெரும்பாலும் அறவியல். என் கருத்தில் உண்மையான கோபர்ன் அங்கேதான் இருக்கிறார். கடமை உணர்வு கடவுளின் கட்டளையிலிருந்து வருகிறதா, பொருள்களின் இயல்பிலிருந்தே வருகிறதா என்ற சண்டையில் அவர் இரண்டாவது பக்கம். ஆனால் ஆய்வுலகம் அவரை 1702 நூலுக்காகவே நினைவு வைத்திருக்கிறது, அந்த நூலின் தலைப்பிலேயே லாக் பெயர் இருக்கிறது. அறவியலில் ஈடுபாடு உள்ளவர் எடுக்கலாம். அனுபவவாதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

மாஷமுக்குத் திரும்பலாம். கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ரால்ஃப் கட்வர்த்தின் மகள், 1659இல் பிறந்தவர். 1685இல், ஏற்கெனவே ஒன்பது குழந்தைகள் உள்ள ஒரு நிலப்பிரபுவுக்கு இரண்டாம் தாரம். அந்தக் காலகட்டத்தில் லாக்குக்கு எழுதிய ஒரு கடிதத்தில், வீட்டு வேலை என்பது ஆன்மாவுக்கு அபின் என்கிறார். இந்த ஒரு வரிக்காகவே இவரைத் தேர்ந்தெடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். (நானும் அதில் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

எழுதியது இரண்டே சிறிய நூல்கள், இரண்டிலும் பெயர் இல்லை. 1696இல் வந்த முதல் நூல் பாதிரியாரும் தத்துவவாதியுமான ஜான் நாரிஸை எதிர்த்தது. நாரிஸ் சொன்னது: நம் புலன்களில் எழும் இன்பம் துன்பம் எல்லாவற்றுக்கும் கடவுள் மட்டுமே காரணம், மற்ற உயிர்கள் வெறும் சந்தர்ப்பங்கள், ஆகவே ஆசையோடு நேசிக்கத் தக்கவர் கடவுள் ஒருவரே. மாஷமின் பதில் இரண்டு முனையில் குத்துகிறது. பொருள்கள் நம்மைத் தொடுவதே இல்லையென்றால், கண்ணையும் காதையும் இத்தனை நுணுக்கமாகப் படைத்தது வீண் வேலை ஆகிவிடுமே, அது கடவுளின் ஞானத்துக்கு மரியாதையா? இது முதல் குத்து. இரண்டாவது இன்னும் ஆழம். கண்ணெதிரே உள்ள மனிதர்களை நேசித்துத்தான் நேசம் என்றால் என்ன என்பதே நமக்குத் தெரிகிறது. அந்த ஏணியை எடுத்துவிட்டால் கடவுளை நேசிக்கவும் வழி இருக்காது.

இந்த இரண்டாவது வாதம் அனுபவவாதம் அறவியலிலும் பக்தியிலும் என்ன செய்யும் என்பதைக் காட்டுகிறது. எண்ணங்கள் அனுபவத்திலிருந்து வருகின்றன என்று லாக் சொன்னார். அன்பும் அங்கிருந்துதான் வருகிறது என்று மாஷம் சொல்கிறார். பாருங்கள், லாக் மறுபடி வந்துவிட்டார். இதுதான் மாஷமின் வினை. அந்த முதல் நூலை எழுதியவர் லாக் என்று நினைத்துக்கொண்டுதான் மேரி ஆஸ்டெல் 1705இல் அதற்கு மறுப்பு எழுதினார். 1705இல் வந்த இரண்டாவது நூல் பெண்கல்விக்கு வாதாடுவது. படித்த பெண்ணை ஊர் கேலி செய்கிறது, படிக்காத தாய் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள் என்று கேட்பது. 1747 மறுபதிப்பில் அதையும் லாக் பெயரிலேயே போட்டுவிட்டார்கள்.

இந்த முடிச்சிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸோடு மாஷம் நடத்திய கடிதப் போக்குவரத்து. அவர் பிரெஞ்சில் எழுதுவார், இவர் ஆங்கிலத்தில் பதில் போடுவார். உடலும் ஆன்மாவும் கடவுள் முன்பே ஒத்திசைத்து வைத்த இரண்டு கடிகாரங்கள் மாதிரி ஓடுகின்றன என்ற லைப்னிட்ஸின் கொள்கையை, நல்ல கற்பனைதான், ஆனால் அப்படித்தான் என்று நம்ப என்ன காரணம் என்று கேட்கிறார். பரப்பே இல்லாத ஒரு பொருளைத் தன்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை என்கிறார். லாக் இருந்தபோதே தொடங்கிய கடிதங்கள், அவர் இறந்த பிறகு 1705இலும் தொடர்கின்றன. பின்னால் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அப்போதும் கேள்விகளின் கூர்மை குறையவில்லை. மாஷமை எடுப்பவர் இந்தக் கடிதங்களிலிருந்து தொடங்கி, நூல்களுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன், சிவப்பு வட்டங்கள் வாங்கினேன்.

கடைசியாக, மேரி ஷெப்பர்ட். 1777இல் ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு அருகே ரோஸ்பெரி பிரபு குடும்பத்தில் பிறந்தவர். 1824இல் காரண-காரியம் பற்றி ஒரு நூல், 1827இல் புற உலகை அறிவது பற்றி இன்னொரு நூல். குறி ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம், அப்புறம் ஹ்யூமுக்கு நீட்சி கொடுத்த தாமஸ் பிரவுன், இரண்டாவது நூலில் ஐரிஷ் தத்துவவாதி பார்க்லி.

ஹ்யூமின் வாதம் தத்துவம் படித்தவர்களுக்கு மனப்பாடம்: ஒன்று இல்லாமல் இருந்து, பிறகு இருப்பதாக, எந்தக் காரணத்தையும் சேர்க்காமல் நம்மால் எண்ணிப் பார்க்க முடிகிறது. எண்ண முடிவதில் முரண் இல்லை. ஆகவே எதற்கும் காரணம் இருந்தே தீரவேண்டும் என்பதை நிரூபிக்க முடியாது. ஷெப்பர்ட் சொல்கிறார்: சரி, எண்ணிப் பார்ப்போம். பிரபஞ்சத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெறுமை. அதில் திடீரென்று ஒன்று துள்ளி எழுகிறது. இந்தத் துள்ளல், இந்தத் தொடக்கம் என்பது என்ன? ஒரு செயல். செயல் யாருடையது? இன்னும் இல்லாத ஒன்றினுடையது. இல்லாத ஒன்று எப்படிச் செயல்படும்? ஹ்யூம் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னதை உண்மையில் எண்ணிப் பார்க்கவே முடியாது.

இந்தப் பத்தியை முதல்முறை படித்தபோது அசந்துபோனேன். இரண்டாம் முறை படித்தபோது சந்தேகம் வந்தது. 'குழந்தை பிறந்தது' என்கிறோம். பிறப்பதற்கு முன் குழந்தை இல்லை; ஆனாலும் வாக்கியத்தில் குழந்தைதான் எழுவாய், பிறத்தல் அதன் வினை. 'புயல் உருவானது', 'கோபம் வந்தது', எல்லாம் அப்படித்தான். இலக்கணத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதற்காக உலகத்திலும் ஒரு செயல்படுபொருள் இருந்தாக வேண்டுமா? தொடக்கத்தைச் செயல் என்று சொன்ன அந்த நொடியே ஷெப்பர்ட் தனக்கு வேண்டியதை உள்ளே கடத்திவிட்டாரோ? இதற்கு அவர் தரப்பிலிருந்து பதில் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஒரு வரியில் முடியாது. ஒரு முழு அத்தியாயம் இதில் இருக்கிறது. லாக் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஹ்யூம் வருகிறார், ஆனால் நிழல் கொடுக்கும் மரமாக வரவில்லை, எதிரில் நிற்கிற ஆளாக வருகிறார்.

இன்னொரு வாதமும் கைக்கு அடக்கமானது. காரணம் முன்னால், காரியம் பின்னால் என்று ஹ்யூம் வரிசை கட்டுகிறார். ஷெப்பர்ட் அந்த வரிசையை ஏற்பதில்லை. நெருப்பும் விறகும் சேர்ந்தால் எரிதல். சேர்வதுதான் காரணம், சேர்ந்த நிலையில் தெரிகிற புதுக் குணம்தான் காரியம், இரண்டும் ஒரே நேரத்தில். நேற்றைய ரொட்டி பசி தீர்த்தது, இன்றைய ரொட்டியும் தீர்க்கும் என்று எதை வைத்து நம்புவது என்பது ஹ்யூமின் புகழ்பெற்ற கேள்வி. ஷெப்பர்டின் பதில் கிட்டத்தட்ட அடுப்படிப் பதில்: அதே மாவு, அதே பதம், அதே சூடு என்றால் அதே ரொட்டிதான். பசி தீரவில்லையென்றால் நீங்கள் ரொட்டி என்று நினைத்த பண்டம் வேறு. சந்தேகம் 'அதேதானா' என்பதில் இருக்கலாம், 'அதே என்றால் அதே பலனா' என்பதில் இருக்க முடியாது.

இவரை எடுப்பதில் ஒரு கண்டம் உண்டு, ஆண்டு. 1824ஐ 'தொடக்க நவீன காலம்' என்று சொன்னால் சில குழுக்கள் புருவத்தை உயர்த்தும். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று கோடு கிழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் சண்டை போடுவது 1739இல் ஹ்யூம் தொடங்கிய விவகாரத்தோடு. 1805இல் எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் பதவிக்கு ஜான் லெஸ்லி வந்தபோது, அவர் ஒரு குறிப்பில் ஹ்யூமின் காரணக் கொள்கையைப் பாராட்டியிருந்ததற்காகப் பாதிரிமார்கள் பெரிய கலவரம் செய்தார்கள். லெஸ்லி பக்கம் நின்று பிரவுன் எழுதினார். ஷெப்பர்ட் பதில் சொல்வது அந்தப் பிரவுனுக்கு. விவாதத்தின் கால்வழி தெளிவாக இருக்கிறது.

மூலநூல் வசதியையும் பார்த்துவிடலாம். லண்டன் போய் நூலகத்தில் உட்கார வசதி இல்லாதவர்களுக்கு இப்போது நிலைமை மோசமில்லை. 1700வரை அச்சான ஆங்கில நூல்களில் 25,000க்கும் மேற்பட்டவற்றைத் தட்டச்சு செய்த வடிவில் 2015 ஜனவரி 1 முதல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மாஷமின் இரண்டாவது நூல் இலவச மின்னூல்கள் கிடைக்கும் கூட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய ப்ராஜெக்ட் வாக்ஸ் தளத்தில் மாஷம், கேவண்டிஷ், கான்வே, டு ஷாத்லே பற்றி நல்ல அறிமுகங்கள் இருக்கின்றன. கேவண்டிஷ் ஹூக்கை உரித்த, சோதனைத் தத்துவம் பற்றிய நூலுக்கு 2001இல் கேம்பிரிட்ஜ் பதிப்பும் வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டு அச்சை ஸ்கேனில் படிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை: 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி நீண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் நான் எடுத்த குறிப்பொன்றில் 'புலன்' என்று வரவேண்டிய சொல் 'வேலி' ஆகிவிட்டது, ஒரு வாரம் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். ஷெப்பர்டின் அச்சில் இந்தத் தொல்லை இல்லை.

எனவே கேட்பவரைப் பொறுத்து என் பதில் மாறும். ஒரு வருஷத்துக்குள் முடிக்கவேண்டிய எம்.ஏ. ஆய்வேடு என்றால் யோசிக்காமல் ஷெப்பர்ட். இரண்டு நூல்தான், வாதங்கள் முழுசாக மேஜையில் இருக்கின்றன, தர்க்கம் பிடித்தவருக்கு விருந்து. நான்கைந்து வருஷம் கையில் இருக்கிறது, கொஞ்சம் பிரெஞ்சு படிக்கத் தயார், கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கும் பொறுமை இருக்கிறது என்றால் மாஷம். இலக்கியத்திலும் ஒரு காலை வைத்திருப்பவர் கேவண்டிஷைத் தொடலாம், ஆனால் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் துணிந்து விடவேண்டும். நுண்ணோக்கி விவகாரம் ஒன்றே போதும். கோபர்னை அறவியல்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

சமீபத்தில் கேட்ட ஒரு மாணவிக்கும் இதையேதான் சொன்னேன். ஷெப்பர்டை எடுத்திருக்கிறாள். சினாப்சிஸின் முதல் பத்தியிலேயே 1824ஐப் போட்டு, ஏன் இது இன்னும் ஹ்யூமின் சண்டைதான் என்று இரண்டு வரியில் சொல்லிவிடு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே என்றேன். போன வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "சார், 'குழந்தை பிறந்தது' உதாரணத்தை நான் எடுத்துக்கலாமா? ஷெப்பர்ட் பக்கம் நின்னு அதுக்குப் பதில் இருக்கு, ஆனா மூணு பக்கம் ஆகும்."